திருகாணிக்கும் மரையாணிக்கும் உள்ள வேறுபாடு

திருகாணி, மரையாணி ஆகிய இரண்டும் உடலில் மரை வெட்டப்பட்ட இணைப்பு ஆணிகள் ஆகும். பேச்சு வழக்கில் முன்னதை ஸ்குரூ என்றும் பின்னதை போல்ட் என்றும் சொல்வர். இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பூட்டும் பழக்கம் வீடுகளிலும் பட்டறைகளிலும் வயல்களிலும் காணப்படுகிறது. ஆனால் இவை பிடிக்கும் முறை வேறு. திருகாணி, தான் நுழையும் பொருளையே தன் மரையால் பற்றிக்கொண்டு நிற்கிறது. மரையாணி, துளை வழியே தடையின்றிக் கடந்து மறுபுறத்தில் உள்ள நட்டைப் பற்றி, இடைப்பட்ட பாகங்களை இறுக்கி அழுத்துகிறது. இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. ஓர் இணைப்பு எவ்வளவு சுமை தாங்கும், அதிர்வில் கழலுமா, பழுதானால் எளிதில் மாற்ற முடியுமா என்பவை எல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன.

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள சிவகிரி ஒரு வேளாண் ஊர். ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. இவ்வட்டாரத்தின் பம்புசெட்டு, உழவுக் கருவி, தகரக் கூரை, காற்றாலை, ரயில் பாதை ஆகியவற்றில் இவ்விரு ஆணிகளின் வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

பெயர்கள்

தமிழில் ஆணி என்பது பொதுச்சொல். வண்டிச் சக்கரம் கழலாமல் காப்பது கடையாணி. இரு தகடுகளைத் துளையிட்டு, நுனியைத் தட்டி விரித்துப் பிணைப்பது தறையாணி. திருகி ஏற்றப்படுவது திருகாணி. ஆணியின் உடலைச் சுற்றிச் சுருளாக ஓடும் வரம்புக்கு மரை என்று பெயர். மரை வெட்டிய உடலுடன், நட்டோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் ஆணியை மரையாணி என்பர். ஆணியின் தலைக்கும் பொருளுக்கும் இடையில் இடப்படும் வட்டத் தகடு வாசர் எனப்படும்.

திருகாணி என்ற சொல் தமிழ் வீடுகளில் முதலில் நினைவூட்டுவது தோட்டையும் மூக்குத்தியையும்தான். இவ்வணிகலன்களிலேயே இருவகைப் பிடிப்பையும் காணலாம். முன்பக்கப் பூவில் உட்புறம் மரை உள்ள சிறு குழாய் இருக்க, பின்புறமிருந்து ஓர் ஆணியைத் திருகி ஏற்றினால் அங்கே திருகப்படுவது ஆணி. முன்பக்கப் பூவோடு சேர்ந்த தண்டு காதுத் துளையைக் கடந்து வந்து அசையாமல் நிற்க, பின்புறத்துச் சிறு மூடியைத் திருகி இறுக்கினால் அந்த மூடி ஒரு நட்டின் வேலையைச் செய்கிறது. இரண்டாவது அமைப்பு, பெயரில் திருகாணியாக இருந்தாலும், செயலில் மரையாணியே. பெயரைவிடச் செயலே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அடிப்படை வேறுபாடு

ஒரு வீட்டின் கதவில் கீல் பொருத்தப்படுவதைக் கொள்ளலாம். கீலின் தகட்டில் உள்ள துளை வழியே ஆணி சென்று நிலையின் மரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மறுபுறம் எதுவும் இல்லை. மரத்தின் நார்களே நட்டின் வேலையைச் செய்கின்றன. இது திருகாணி.

கிணற்று மேட்டில் உள்ள பம்பின் குழாய் இணைப்பில் இரு வட்டத் தகடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இடையில் ரப்பர் பாக்கிங் இருக்கும். ஆணி ஒரு தகட்டின் துளையில் நுழைந்து, பாக்கிங்கைக் கடந்து, அடுத்த தகட்டின் துளை வழியே வெளியே வரும். அதன் நுனியில் நட்டு ஏற்றப்படும். துளைகளில் மரை இல்லை. ஆணியின் விட்டத்தைவிடத் துளை சற்றே பெரியதாகவும் இருக்கும். இது மரையாணி.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. இறுக்கும்போது எது சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். தலையைத் திருகி ஆணியையே சுழற்றி இறுக்கினால் அது பெரும்பாலும் திருகாணி. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைச் சுழற்றி இறுக்கினால் அது பெரும்பாலும் மரையாணி. இறுக்கும் கருவியும் இதையொட்டி அமைகிறது. திருகாணிக்குப் பொதுவாக ஒரு திருப்புளி போதும். மரையாணிக்குப் பொதுவாக இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும். ஒன்று தலையைப் பிடிக்க, மற்றது நட்டைச் சுழற்ற.

வடிவத்தை வைத்து மட்டும் முடிவு செய்வது தவறாகலாம். கூர்மையான நுனி இருந்தால் அது திருகாணிதான். ஆனால் நுனி மழுங்கியிருப்பதால் மட்டும் அது மரையாணி ஆகிவிடாது. உடல் முழுவதும் மரை ஓடுவது, தலை அறுகோணமாக இருப்பது, பெரிதாக இருப்பது ஆகியவையும் தனித்தனியே போதுமான அடையாளங்கள் அல்ல.

மரை செய்யும் வேலை

மலைக்கு நேராக ஏறுவது கடினம். அதே உயரத்துக்குச் சாலை வளைந்து வளைந்து செல்லும்போது வண்டி எளிதாக ஏறுகிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியே செல்லும் சாலை இப்படித்தான் அமைந்துள்ளது. மரை என்பது ஓர் உருளையைச் சுற்றி வைக்கப்பட்ட இத்தகைய சாய்தளமே. ஒரு முழுச் சுற்றுக்கு ஆணி முன்னேறும் தூரம் மரையிடைத் தூரம் எனப்படும். 12 மி.மீ. விட்டமுள்ள பொதுவான மெட்ரிக் மரையாணியில் இது 1.75 மி.மீ. மட்டுமே. ஸ்பேனரின் முனை ஏறத்தாழ இரண்டு மீட்டர் தூரம் சுற்றி வரும்போது நட்டு 1.75 மி.மீ. நகர்கிறது. தூரத்தில் இழந்தது விசையில் பல மடங்காகத் திரும்புகிறது.

மரையின் சரிவு மிகக் குறைவு என்பதால் உராய்வே அதைப் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கிறது. இறுக்கியபின் கையை எடுத்தாலும் ஆணி தானாகக் கழலாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இந்த உராய்வு இருக்கும்வரை இணைப்பு நிற்கும். அதிர்வால் உராய்வு அற்றுப்போகும் கணங்களில் நட்டு கழலத் தொடங்கும்.

மரையாணி பிடிக்கும் முறை

மரையாணி ஒரு முளைபோலக் குறுக்கே நின்று பாகங்களைத் தாங்குகிறது என்று பலர் கருதுகின்றனர். நன்கு இறுக்கப்பட்ட இணைப்பில் நடப்பது வேறு. நட்டை இறுக்கும்போது ஆணியின் உடல் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட எஃகு சுருங்க முயல்கிறது. அந்த இழுவிசை, தலைக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள தகடுகளைச் சேர்த்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட தகடுகளுக்கு இடையே எழும் உராய்வே அவற்றை நழுவாமல் காக்கிறது. ஆகவே மரையாணியை ஒரு வலுவான சுருள்வில்லாகக் கொள்வது பொருத்தம். இந்த ஆரம்ப இழுவிசைக்கு முன்னிறுக்கம் என்று பெயர்.

இதன் அளவை ஒரு கணக்கால் அறியலாம். 12 மி.மீ. விட்டமும் 8.8 தரமும் உள்ள ஒரு மரையாணியின் பயனுறு குறுக்குவெட்டுப் பரப்பு 84.3 சதுர மி.மீ. அது நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடிய சுமை சுமார் 49 கிலோ நியூட்டன். வழக்கமாக அதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 37 கிலோ நியூட்டன் வரை இறுக்குவர். இது ஏறத்தாழ 3,700 கிலோ எடைக்குச் சமம். உலர்ந்த மரையில் இந்த இழுவிசையைப் பெறத் தேவைப்படும் முறுக்கு சுமார் 88 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 30 கிலோ எடையுள்ள விசையைக் கொடுத்தால் இது கிடைத்துவிடும். ஒரு மனிதனின் கைப்பலம் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட பிடியாக மாறுவது இப்படித்தான்.

கொடுக்கும் முறுக்கு முழுவதும் பிடியாக மாறுவதில்லை. ஏறத்தாழப் பாதி தலை அல்லது நட்டின் அடிப்பகுதி உராய்விலும், இன்னும் நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் செலவாகிறது. எஞ்சும் பத்து சதவீதமே ஆணியை நீட்டுகிறது. மரையில் எண்ணெய் இட்டால் உராய்வு குறைந்து, அதே முறுக்கில் இழுவிசை கூடிவிடும். உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட முறுக்கை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால் ஆணி அளவுக்கு மீறி நீண்டு அறுந்துபோகலாம்.

பகுதி மரை மட்டும் உள்ள மரையாணிகளில் தலைக்குக் கீழே வழவழப்பான தண்டு இருக்கும். தகடுகள் பக்கவாட்டில் நழுவ முயலும் இடத்தில் இந்தத் தண்டு அமையுமாறு நீளத்தைத் தேர்வது நல்லது. மேற்கண்ட 12 மி.மீ. ஆணியில் தண்டின் பரப்பு 113 சதுர மி.மீ. மரை உள்ள இடத்தில் அது சுமார் கால் பங்கு குறைந்துவிடுகிறது. வெட்டும் விசை மரைப்பகுதியில் விழுந்தால் ஆணி விரைவில் அறும்.

திருகாணி பிடிக்கும் முறை

திருகாணியின் வலிமை அதன் எஃகில் மட்டும் இல்லை. அது நுழைந்திருக்கும் பொருளிலும் பாதி அடங்கியுள்ளது. எவ்வளவு உறுதியான திருகாணியும் உளுத்த மரத்தில் நிற்காது. மரத் திருகாணியின் மரை அகன்றும் ஆழமாகவும் இருப்பது, மெலிந்த நார்களைக் கூடுதலாகப் பற்றுவதற்காகவே.

மரத்தில் திருகாணி ஏற்றுமுன், ஆணியின் உள்தண்டு அளவுக்குச் சிறு துளை இடுவது முறை. துளை இல்லாமல் ஏற்றினால் மரம் பிளக்கும். துளை பெரிதானால் மரைக்குப் பற்ற நார் இருக்காது. தேக்கு போன்ற கடின மரத்தில் துளை சற்றுப் பெரிதாகவும், மென்மரத்தில் சிறிதாகவும் இருக்க வேண்டும். பலகையின் பக்கத்தில் ஏற்றிய திருகாணி நார்களைக் குறுக்கே பற்றுவதால் நன்கு நிற்கும். பலகையின் வெட்டுமுனையில் ஏற்றியது நார்களுக்கு இணையாகச் செல்வதால் எளிதில் பிடுங்கிக்கொண்டு வரும்.

திருகாணியைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசிச் சில சுற்றுகளை மட்டும் திருகுவது பரவலாகக் காணப்படும் தவறு. அடிக்கும்போது மரை, நார்களைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. பார்வைக்கு ஆணி பொருந்தியிருக்கும். பற்றுவதற்கு மட்டும் உள்ளே எதுவும் இருக்காது. சில மாதங்களில் கீல் தொங்கி, கதவு தரையில் உரசத் தொடங்கும்.

உலோகத் தகட்டில் ஏற்றும் திருகாணிகள் தாமே மரையை வெட்டிக்கொள்ளும். சிலவற்றின் நுனி துளைக்கும் அலகுபோல் அமைந்திருப்பதால் தனித் துளையும் வேண்டியதில்லை. இன்று தகரக் கூரைகளில் ரப்பர் வாசருடன் ஏற்றப்படுபவை இவையே. முன்பு கல்நார் ஓட்டுக் கூரைகளில், முனை வளைந்த ஜே போல்ட்டுகள் சட்டத்தைக் கொக்கிபோல் பற்றி, மேலே நட்டால் இறுக்கப்பட்டன. ஜே போல்ட் மரையாணி வகை. புதிய கூரை ஆணி திருகாணி வகை. புதியதை ஏற்றுவது விரைவானது. ஆனால் அதன் பிடி, சட்டத்தின் உலோகத் தடிப்பைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே வேகமாக வீசும் தென்காசி வட்டாரத்தில், மெல்லிய சட்டத்தில் குறைந்த எண்ணிக்கையில் ஏற்றப்பட்ட ஆணிகளைக் காற்று கூரையோடு சேர்த்துப் பிடுங்கும் வாய்ப்பு உண்டு.

எல்லைக்கோட்டு வகைகள்

திருகாணி, மரையாணி என்று உறுதியாகப் பிரிக்க முடியாத வகைகளும் உள்ளன.

எந்திரத் திருகாணி: நுனி மழுங்கியது, உடல் சீரான விட்டம் உடையது. முன்பே மரை வெட்டிய உலோகத் துளையில் ஏற்றப்படும். அதே ஆணியை நட்டுடனும் பயன்படுத்தலாம்.

அறுகோணத் தலைத் திருகாணி: பார்வைக்கு முழு மரையாணிதான். ஆனால் மோட்டார் உறையில் வெட்டப்பட்ட மரைத்துளையில் நேராக ஏற்றப்படுகிறது. மெக்கானிக்குகள் இதையும் போல்ட் என்றே அழைப்பர்.

கோச் திருகாணி: அறுகோண அல்லது சதுரத் தலையும், மரத்தில் ஏறும் கூர்நுனியும் கொண்ட தடித்த ஆணி. தலை மரையாணியைப் போலவும், செயல் திருகாணியைப் போலவும் இருக்கும்.

கேரேஜ் போல்ட்: குவிந்த வழவழப்பான தலையும், அதன் கீழே சதுரக் கழுத்தும் கொண்டது. சதுரக் கழுத்து மரத்தில் பதிந்து ஆணி சுழலாமல் தடுப்பதால் ஒரே ஸ்பேனரால் நட்டை இறுக்கலாம். மர வண்டிச் சட்டங்களுக்கு ஏற்றது.

ஸ்டட்: தலையே இல்லாத மரைத்தண்டு. ஒரு முனை உலோகத்தில் திருகப்பட்டிருக்கும், மறுமுனையில் நட்டு ஏறும். ஒரு முனையில் திருகாணியாகவும் மறுமுனையில் மரையாணியாகவும் செயல்படுகிறது.

இக்குழப்பத்தைத் தீர்க்கத் தர நிறுவனங்கள் தத்தம் வரையறைகளை வைத்துள்ளன. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1364 தரம், அறுகோணத் தலை மரையாணி, அறுகோணத் தலைத் திருகாணி, நட்டு ஆகியவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கிறது. பன்னாட்டுத் தரங்களில் பகுதி மரை உடையது ஐ.எஸ்.ஓ. 4014 ஆகவும், தலைவரை மரை உடையது ஐ.எஸ்.ஓ. 4017 ஆகவும் உள்ளது. முன்னது போல்ட் என்றும் பின்னது ஸ்குரூ என்றும் தலைப்பிடப்பட்டுள்ளன. அமெரிக்கத் தரமோ நட்டை இறுக்கிப் பூட்டுவது போல்ட், தலையைத் திருகிப் பூட்டுவது ஸ்குரூ என்று செயலை அளவுகோலாகக் கொள்கிறது.

சுங்க வரியிலும் இவ்வேறுபாடு நுழைகிறது. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்குப் பட்டியலில் இரும்பு, எஃகு ஆணிகள் 7318 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. அதில் மரத் திருகாணிக்குத் தனி எண் உண்டு. அமெரிக்கா தன் பட்டியலில் போல்ட்டையும் ஸ்குரூவையும் மேலும் பிரித்திருப்பதால், இரண்டையும் எப்படி வேறுபடுத்துவது என்று அந்நாட்டுச் சுங்கத் துறை இறக்குமதியாளர்களுக்குத் தனி வழிகாட்டி நூலே வெளியிட்டுள்ளது.

அளவும் தரமும்

மெட்ரிக் மரையாணிகள் எம் 6, எம் 8, எம் 10, எம் 12 என்று வெளிவிட்டத்தால் குறிக்கப்படும். ஆனால் பட்டறைகளில் வேறு இரு வழக்குகளும் உள்ளன. ஒன்று ஸ்பேனர் எண். 13 நம்பர் போல்ட் என்றால் 13 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும் தலை என்று பொருள். அதன் உண்மையான விட்டம் 8 மி.மீ. மட்டுமே. மற்றொன்று நூல் கணக்கு. தச்சர்களும் இரும்புக் கடைகளும் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பர். 3 நூல் போல்ட் என்பது 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ.

இரு முறைகளும் கலக்கும்போது சிக்கல் எழுகிறது. இரண்டரை நூல் போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ. எம் 8 போல்ட்டின் விட்டம் 8 மி.மீ. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் முன்னதில் ஓர் அங்குலத்துக்கு 18 மரைகள் இருப்பதால் மரையிடைத் தூரம் 1.41 மி.மீ. பின்னதில் 1.25 மி.மீ. ஒன்றின் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் சில சுற்றுகள் ஏறிவிட்டுச் சிக்கும். வலிந்து இறுக்கினால் மரை நசுங்கும். இறுகிவிட்டது போன்ற தோற்றம் மட்டுமே மிஞ்சும். கையால் எளிதாக முழுவதும் ஏறாத நட்டு, அந்த ஆணிக்குரியது அன்று என்பதே பாதுகாப்பான விதி.

மரையாணியின் தலையில் 4.6, 8.8, 10.9 போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் இழுவலிமை மெகா பாஸ்கலில் கிடைக்கும். இரண்டு எண்களையும் பெருக்கி மேலும் 10-ஆல் பெருக்கினால் ஆணி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு கிடைக்கும். 8.8 என்றால் 800 மற்றும் 640. 4.6 என்றால் 400 மற்றும் 240. ஒரே பருமனுள்ள இரு ஆணிகளில் ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்குக்கு மேல் தாங்கலாம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. நட்டின் தரமும் ஆணியின் தரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். மரத் திருகாணிகளுக்கு இத்தகைய தர எண் பொறிக்கப்படுவதில்லை. அவற்றின் பிடி மரத்தைப் பொறுத்தது என்பதே இதற்குக் காரணம்.

தென்காசி வட்டாரத்து எடுத்துக்காட்டுகள்

ரயில் பாதை: கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைக்கும் மலை ரயில் பாதை புனலூர், செங்கோட்டை, தென்காசி வழியே செல்கிறது. 1904-இல் பயணிகள் ரயில் தொடங்கிய இந்தப் பாதையின் மலைப்பகுதி அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பழைய வகை ரயில் பாதைகளில் இரு ஆணிகளும் அருகருகே காணப்பட்டன. இரு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் பக்கத் தகடுகளை வைத்துக் குறுக்கே நட்டுடன் பூட்டுவது மரையாணி. தண்டவாளத்தை மரக்கட்டையோடு பிணைக்க மேலிருந்து திருகி ஏற்றுவது பெரிய திருகாணி. வெயிலில் தண்டவாளம் நீளும் என்பதால் பக்கத் தகட்டு மரையாணியின் துளை ஆணியைவிடப் பெரிதாக விடப்படுகிறது. மரக்கட்டையில் ஏறும் திருகாணிக்கோ அவ்வித இடைவெளி கூடாது. இன்றைய கான்கிரீட் கட்டைகளில் இரண்டும் இல்லாமல், வளைந்த எஃகுக் கவ்விகளே தண்டவாளத்தைப் பிடிக்கின்றன. கான்கிரீட்டில் நார் இல்லை, திருகாணி பற்ற இடமில்லை என்பதும் இம்மாற்றத்தில் அடங்கியுள்ளது.

காற்றாலை: செங்கோட்டைக் கணவாய் தமிழ்நாட்டின் முக்கியக் காற்று வழிகளுள் ஒன்று. குற்றாலத்தில் சாரல் பெய்யும் அதே மாதங்களில் சமவெளியில் காற்றாலைகள் வேகமாகச் சுழல்கின்றன. காற்றாலைக் கோபுரம் பல உருளைப் பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியும் அடுத்ததோடு வட்டமாக அமைந்த உயர்வலிமை மரையாணிகளால் பூட்டப்படுகிறது. காற்றின் தள்ளுதல் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருக்கும். முன்னிறுக்கம் போதுமானதாக இருந்தால் அந்த மாறும் சுமையின் சிறு பங்கே ஆணியை அடையும். முன்னிறுக்கம் குறைந்தால் ஒவ்வொரு வீச்சும் ஆணியையே இழுத்துத் தளர்த்தும். கடைசியில் ஆணி சோர்வுற்று அறும். ஆகவே அளவிட்ட முறுக்குக் கருவியால் இறுக்குவதும், குறித்த காலங்களில் சரிபார்ப்பதும் பராமரிப்பின் பகுதியாகும்.

ரோட்டாவேட்டர்: நெல், கரும்பு வயல்களில் டிராக்டருடன் பூட்டப்படும் ரோட்டாவேட்டரின் கத்திகள் மரையாணிகளால் பிடிக்கப்பட்டுள்ளன. தேய்ந்த கத்தியைக் கழற்றி மாற்றவே இந்த ஏற்பாடு. டிராக்டரிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் தண்டில் பல கருவிகளுக்கு வேறொரு மரையாணியும் உண்டு. கத்தி கல்லிலோ வேரிலோ சிக்கினால் முதலில் அறுந்து, விலை உயர்ந்த கியர் பெட்டியைக் காப்பதற்காகவே அது குறைந்த வலிமையில் வைக்கப்பட்டுள்ளது. இது ஷியர் போல்ட் எனப்படும். அடிக்கடி அறுகிறது என்று அதன் இடத்தில் 10.9 தர ஆணியைப் பூட்டினால் ஆணி அறாது. அதற்குப் பதிலாகப் பற்சக்கரம் உடையும். வலுவான ஆணியே எப்போதும் சிறந்தது என்ற எண்ணம் இங்கே பெரும் செலவில் முடிகிறது.

அதிர்வும் தளர்வும்

ஆணிகள் கழல்வதற்கு முதன்மைக் காரணம், இணைந்த பாகங்கள் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நழுவுவதே என்று செருமனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனைகள் மூலம் விளக்கினார். ஒவ்வொரு நழுவலின்போதும் மரையில் உராய்வு ஒரு கணம் குறைகிறது, நட்டு சிறிது பின்வாங்குகிறது. எனவே போதிய முன்னிறுக்கமே முதல் காப்பு. சுருள் வாசர் இட்டுவிட்டதால் மட்டும் ஆணி கழலாது என்று நம்ப முடியாது. நைலான் வளையம் பதித்த நட்டு, இரட்டை நட்டு, நட்டின் குறுக்கே செருகும் பிளவு ஊசி, மரையில் இடும் பசை ஆகியவை துணைக் காப்புகள். ரயில் பாதையில் நாள்தோறும் நடந்து சென்று பிணைப்புகளைப் பார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கும் கீமேன் என்ற பணியாளர் இன்றும் இருப்பது, எந்தக் காப்பும் மனிதக் கண்காணிப்புக்கு முழு மாற்றாகாது என்பதைக் காட்டுகிறது.

மரத்தில் தளர்ந்த திருகாணியை மேலும் இறுக்குவதால் பயனில்லை. துளையில் நார் அழிந்துவிட்டது என்றே அதற்குப் பொருள். பசை தடவிய மரச்சிம்பால் துளையை அடைத்து மீண்டும் ஏற்றலாம். அல்லது சற்று நீண்ட ஆணியைப் பயன்படுத்தலாம். தளர்ந்த மரையாணியை, மரை நலமாக இருந்தால், மீண்டும் இறுக்கலாம். மரை கெட்டிருந்தால் ஆணியையும் நட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அவை பூட்டிய பாகங்களுக்குச் சேதம் இல்லை. பழுது பார்ப்பதில் மரையாணிக்கு உள்ள பெரிய நன்மை இதுவே.

வரலாறு

திருகு என்ற அமைப்பு, ஆணியாகப் பயன்படுவதற்கு முன் நீர் இறைக்கவும் எண்ணெய் பிழியவும் பயன்பட்டது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் ஆர்க்கிமிடீசின் பெயரில் நீர்த்திருகு அறியப்படுகிறது. மரைகள் கையால் வெட்டப்பட்ட காலத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் அதற்கென வெட்டிய நட்டே பொருந்தியது. 1800-ஐ ஒட்டி இங்கிலாந்தின் ஹென்றி மாட்சுலே உருவாக்கிய மரை வெட்டும் கடைசல் எந்திரம் ஒரே மாதிரியான மரைகளைப் பெருமளவில் வெட்ட வழி செய்தது. 1841-இல் ஜோசப் விட்வொர்த் 55 பாகை கோணம் கொண்ட பொது மரை அளவை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை கோணத்தைப் பரிந்துரைத்தார். இன்றைய மெட்ரிக் மரையின் கோணமும் 60 பாகையே.

பிரித்தானியர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த எந்திரங்கள் அங்குல மரைகளோடு வந்தன. 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பின் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. ஆயினும் நூல் கணக்கு பட்டறைகளில் தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஆணி உற்பத்தி பெருந்தொழிலாக வளர்ந்ததில் சென்னை பாடியில் 1960-களில் தொடங்கப்பட்ட சுந்தரம் பாசனர்ஸ் நிறுவனத்துக்கு முக்கிய இடம் உண்டு. அது சார்ந்த டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனர் டி. வி. சுந்தரம் அய்யங்கார், பழைய திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர்.

தேர்வு செய்யும் முறை

மறுபுறம் கை எட்டுமா, பொருள் எது, சுமை எவ்வளவு, அதிர்வு உண்டா, அடிக்கடி கழற்ற வேண்டுமா ஆகிய ஐந்து கேள்விகளுக்கு விடை கண்டால் தேர்வு எளிதாகும். மறுபுறம் எட்டாத மரம், மெல்லிய தகடு, குறைந்த சுமை ஆகியவற்றுக்குத் திருகாணி பொருந்தும். கடந்து செல்லும் துளை இட முடிந்த தடித்த பாகங்கள், பெருஞ்சுமை, அதிர்வு, அடிக்கடி கழற்றும் தேவை ஆகியவற்றுக்கு மரையாணி பொருந்தும்.

பழைய ஆணியை மாற்றும்போது விட்டம், மரையிடைத் தூரம், நீளம், தலையில் உள்ள தர எண் ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். கழற்றிய ஆணியையே கடைக்குக் கொண்டு சென்று, அதன் நட்டைப் புதிய ஆணியில் கையால் ஏற்றிப் பார்ப்பது விட்டத்தையும் மரையையும் சரிபார்க்கும் எளிய வழி. தர எண்ணைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். சரியான தர ஆணியின் கூடுதல் விலை சில ரூபாய்களே. தவறான ஆணியால் போவது பற்சக்கரமாகவோ, கூரையாகவோ, சில இடங்களில் ஓர் உயிராகவோ இருக்கலாம்.